வின்னிபெக்கில் பார்த்த கல் பறவைகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுவா. இங்கே எல்லோரும் நலம், குளிர்தான் விட்டபாடில்லை.

போன வாரம் இங்குள்ள கௌமாயுக் என்னும் இனுயிட் கலை மையத்துக்குப் போனேன். இனுயிட் என்போர் கனடாவின் வடகோடிப் பனிப்பகுதியில் வாழும் பழங்குடி மக்கள். மையம் 2021-இல் திறந்தது. நுழைந்ததுமே மாடிகளை ஊடுருவி நிற்கும் கண்ணாடிப் பெட்டகம். அதற்குள் ஆயிரக்கணக்கில் கல் சிற்பங்கள். கரடி, நீண்ட தந்தமுள்ள கடல்விலங்கான வால்ரஸ், வேட்டைக்காரர் எல்லாம் உண்டு. நான் பறவைகளிடமே நின்றுவிட்டேன். கரடியின் கனம் கல்லோடு ஒத்துப்போகும். பறவைக்கு அது நடக்காது. சிறகை மெலிதாக்கினால்தான் உயிர் வரும், கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலோ உடைந்துபோகும்.

வட கனடாவில் பாஃபின் தீவை ஒட்டிய கின்ங்கைட் ஊர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கேப் டார்செட் என்பது அதன் பழைய பெயர். அங்கே கிடைப்பது பச்சை சர்ப்பென்டைன் கல். நம் கல்சட்டிக்கான மாக்கல்லைவிடக் கடினம் என்பதால் சிறகை மெலிதாக இழைக்கலாம், பளபளப்பும் நன்றாக ஏறும். அவ்வூர்ச் சிற்பி டூனூ ஷார்க்கி தன் பறவைகளுக்குக் கண்களை வேறு பொருளில் பதித்திருப்பார். அவை நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும். அங்கேயே இன்னொரு சிற்பி ஆப்ரஹாம் எட்டுங்காட்டின் 'வசந்தப் பறவை' இரு சிறகையும் வானத்துக்குத் தூக்கி நிற்கும். நீண்ட இருட்டு முடிந்து வாத்துகள் திரும்புவது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! உணவும் வெளிச்சமும் சேர்ந்தல்லவா வருகின்றன.

பறவை செதுக்குவது அவர்களுக்குப் புதிதும் அல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வால்ரஸ் தந்தத்தில், விரல்நுனி அளவில், நீந்தும் பறவைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். தாயக்கட்டைபோல உருட்டி விளையாடுவார்களாம். நிமிர்ந்து உட்காரும் பறவைதான் கணக்கு.

வெளிச்சந்தை பின்னால் வந்தது. ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் வடக்கிலிருந்து வாங்கிவந்த சிற்பங்கள் 1949-இல் மாண்ட்ரியலில் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்தன. அப்புறம் போலிகள் புகுந்தன. அசலை அடையாளம் காட்ட 1958-இல் கனடா அரசு இக்லூ என்னும் பனிவீட்டின் படம் போட்ட முத்திரைச் சீட்டு கொண்டுவந்தது. இன்றும் சுற்றுலாக் கடைகளில் அச்சில் வார்த்த பொம்மைகளை இனுயிட் கலை மாதிரி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. அசல் சிற்பமோ பனிக்காற்றில் வெளியே நின்று, கல்தூசிக்கு முகமூடி கட்டிக்கொண்டு ஒருவர் செய்த வேலை. செதுக்கியவர் பெயர் இல்லாமல் எதையும் வாங்க மாட்டேன்.

உன் புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு சிறு பறவை அனுப்ப நினைக்கிறேன். எனக்கு ஆசை ஆந்தைமேல்தான். கின்ங்கைட் ஓவியர் கெனோயுவாக் அஷேவாக் வரைந்த ஆந்தை 1970-இல் கனடா தபால்தலையிலேயே வந்தது, அத்தனை மதிப்பு அதற்கு இங்கே. ஆனால் புது வீட்டுக்குள் ஆந்தை வர உன் அம்மா சம்மதிப்பாரா? கேட்டு எழுது. வேண்டாமென்றால் காட்டு வாத்தாகப் பார்க்கிறேன். தேதி குறித்ததும் உடனே சொல், பார்சல் போய்ச்சேர நாளாகும்.

அன்புடன்,
உன் நண்பன்