ராசா திரும்பி வந்தாரா?

அன்பு மகளுக்கு,

நாங்க சுகம். நீ அனுப்பின காசு கிடைச்சது. பாப்பாவுக்குச் சப்பாத்து வாங்கியாச்சு. ரெண்டு மாசமா உனக்கு வேலை கூடவா இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல கண்டி ராச்சியம் படிப்பிக்கிறாங்க. போன ஞாயிறு கண்டிக்கே கூட்டிட்டுப் போனேன். குளத்தங்கரை அலைமதில்ல இருக்கிற முக்கோண மாடத்துக்குள்ள கையை விட்டு, "இங்கதான் விளக்கு வைப்பாங்களா தாத்தா?"ன்னு கேட்டா. அந்த வயசுல நீயும் அப்படித்தான் கை விட்டே.

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடலோரத்தைப் பிடிச்சாங்க, மலையில நிலைக்க முடியல. காடும் மகாவலியும்தான் இந்த ராச்சியத்துக்குக் கோட்டை. 1803ல வெள்ளைக்காரன் கண்டிக்குள்ளயே வந்தான், அப்பவும் நிலைக்கல. பிறகு ராசாவுக்கும் பிரதானிகளுக்கும் பகையாகிப்போச்சு. 1815 பெப்ரவரி 18ல ராசா பிடிபட்டார், மார்ச் 2ல ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போற ஒப்பந்தம். கண்ணுசாமின்னு பேர் வச்ச பிள்ளை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனா ஆண்ட நாயக்க வம்சத்து ராசா. கப்பலேத்தி வேலூருக்குக் கொண்டுபோனாங்க. அதுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுல இருந்து நம்ம ஆளுங்களைக் கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டிவந்தாங்க. மன்னார்ல இறங்கிக் காட்டுவழி நடந்தவங்க வாயில இது கண்டிச்சீமை. ராச்சியம் போயும் பேர் போகல.

"ராசா திரும்பி வந்தாரா?"ன்னா.

1832ல அங்கேயே செத்துப்போனார்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அம்மா இருக்கிறது அதைவிடத் தூரமா?"ன்னு கேட்டா. எனக்கு வாய் வரல.

உன்னாட்டமே கேள்வி கேக்குறா. சரித்திரத்துல வகுப்புல நீதானே முதல். அவ்வளவு புத்தியிருந்தும் ஒரு போன் கோல் எடுக்கத் தோணலையா?

இல்ல மகள், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்ல. சாதாரண தரப் பரீட்சை எழுத நாலு மாசம் இருக்கையில உன்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தித் தோட்டத்துல கொழுந்து பறிக்கப் பேர் பதிஞ்சது நான்தான். அம்மாவுக்கு உடம்பு வருத்தம், அதனாலதான்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். என் சாராயக் கடனும் இருந்துச்சு. பழுப்புக் கடதாசி உறை போட்ட அந்தச் சரித்திரப் புத்தகத்தைத் துணியில சுத்தி நீ பெட்டிக்குள்ள வச்சதை இஸ்தோப்புல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதை இப்ப பாப்பாவுக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன்.

உடம்புக்கு ஏதும்னா மறைக்காதே. அந்த வீட்டுல ஏதும் கஷ்டம்னா காசைப் பாக்காம வந்திடு. வேளைக்குச் சாப்பிடு. லயத்துல சிக்னல் இல்ல, கோயில் மேட்டுலதான் கிடைக்குது. ஞாயித்துக்கிழமை நானும் பாப்பாவும் போனோட அங்கதான் இருப்போம், எத்தனை மணியானாலும்.

அப்பா