பனிமலைக்குப் பிஸ்கட் பொட்டலம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுடன் குளிர்கால லடாக்குக்குச் சென்று காட்டுயிர்களைப் பார்ப்பது குறித்துத் தங்கள் இதழின் சுற்றுலாச் சிறப்பிணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பனிமலைப் பயணம் என்றாலே சறுக்கி விளையாடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கும் நிலையில், விலங்குகளையும் பறவைகளையும் காண்பதற்காகவே பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம் என்று எழுதிய கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆயினும் அதில் உள்ள இரண்டு யோசனைகளை மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை. லே விமான நிலையத்தில் இறங்கிய மறுநாள் காலையே மலைக்கிராமத்துக்குப் புறப்பட்டுவிடலாம் என்பது ஒன்று. வழியில் தென்படும் நரிகளுக்கும் நாய்களுக்கும் போடுவதற்குக் குழந்தைகளின் கையில் பிஸ்கட் பொட்டலங்களைக் கொடுங்கள், அவர்கள் மகிழ்வார்கள் என்பது மற்றொன்று. கடந்த குளிர்காலத்தில் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் அதே பகுதிக்குச் சென்று வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். குளிர்காலத்தில் பெரும்பாலோர் டெல்லியிலிருந்து விமானத்தில்தான் லே செல்கிறார்கள் என்பதால், சமவெளியில் கண்விழித்த குழந்தை காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறது. உடல் அதற்குப் பழகக் குறைந்தது இரண்டு நாளாவது லேயிலேயே ஓய்வெடுக்க வேண்டும். பனிச்சிறுத்தை தேடிப் போகிறவர்கள் தங்கும் ரும்பக், உலே போன்ற ஊர்கள் 4,000 மீட்டரை ஒட்டியவை. பெரியவர்கள் தலைவலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். சிறு பிள்ளை சொல்லத் தெரியாமல் சிணுங்கும், தட்டைத் தள்ளும், வாந்தி எடுக்கும். பெற்றோர் அதைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலே ஏறுவதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவு என்றும் பாராமல் கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புறப்படும் முன் குழந்தை மருத்துவரிடம் கலந்துகொள்வதும் அவசியம். எங்கள் இளையவன் முதல் நாள் முழுவதும் போர்வைக்குள்ளேயே கிடந்தான். அவன் தானாக எழுந்து பசிக்கிறது என்று கேட்ட பிறகே அடுத்த நாளுக்கான பேச்சை நாங்கள் எடுத்தோம்.

என்னை அதிகம் வருத்தியது பிஸ்கட் யோசனைதான். மலைப்பாதையின் ஒரு வளைவில் எங்கள் வண்டி நின்றபோது, செந்நரி ஒன்று ஓடாமல் நேராகக் கதவருகே வந்து உட்கார்ந்தது. மூக்கின் நுனியில் ஒட்டியிருந்த பனித்துகளும், காதின் பின்புறக் கறுப்பு ரோமமும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அருகில் இருந்தது. "இது ஏம்மா நம்மளப் பார்த்துப் பயப்படல?" என்று மகள் கேட்டாள். ஓட்டுநர் பதில் சொல்லாமல் பின்னால் நின்ற வண்டியைக் காட்டினார். அதன் கண்ணாடி இறங்கியது. ஒரு சிறு கை கிரீம் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகச் சாலையில் போட்டது. நரி அங்கே ஓடியது. பனிக்கடியில் ஓடும் எலியின் அரவத்தைக் காதாலேயே கண்டுபிடித்துத் துள்ளிப் பாய்ந்து பிடிக்கத் தெரிந்த விலங்கு அது. அந்தத் துள்ளலைப் பார்க்கத்தான் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அழைத்துச் செல்கிறோம். சாலையோரத்தில் கையேந்தப் பழகிய நரி, வண்டிச் சக்கரத்திலும் நாய்களின் வாயிலும் சிக்குவதற்கே நாம் வழிசெய்கிறோம்.

நாய்களைப் பற்றிக் கட்டுரை கனிவோடு எழுதியிருக்கிறது. நாய்மீது கனிவு கொள்வதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லடாக்கில் கட்டற்றுத் திரியும் நாய்கள் இன்று காட்டுயிர்களுக்கு ஏற்பட்டுள்ள பெரும் நெருக்கடிகளில் ஒன்று. விடுதிகளும் முகாம்களும் வெளியே கொட்டும் உணவுக்கழிவாலும் பயணிகள் போடும் தீனியாலும் கோடை முழுவதும் பெருகும் இவை, விடுதிகள் மூடப்படும் குளிர்காலத்தில் பசியோடு கூட்டமாக மலைச்சரிவுகளுக்கு ஏறுகின்றன. காட்டாடுகளைத் துரத்துகின்றன, கறுப்புக்கழுத்துக் கொக்கின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன, இரையருகே இருக்கும் பனிச்சிறுத்தையையே சூழ்ந்து நின்று குரைத்து விரட்டுகின்றன. வெறிநோயையும், நாய்களிடம் பரவும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயையும் காட்டு விலங்குகளுக்குப் பரப்பக்கூடியவை இவை. இந்த நாய்கள் தாக்கி மனிதர்களும் உயிரிழந்திருக்கிறார்கள் என்பதால், பிஸ்கட்டுடன் ஒரு குழந்தையை அவற்றின் நடுவே நிறுத்துவதை எந்தப் பெற்றோரும் ஏற்கமாட்டார்கள். நோய்க்கும் பசிக்கும் தீர்வு கருத்தடையும் தடுப்பூசியும் கழிவு மேலாண்மையும்தான்.

கட்டுரையுடன் வந்த ஒரு படத்தையும் குறிப்பிட வேண்டும். கோடைக்காலத்தில் லடாக்கின் பாங்காங் ஏரிக்குச் செல்லும் பாதையில் ஒரு சிறுவன், அணில் இனத்தைச் சேர்ந்த மர்மோட் என்னும் கொறிவிலங்குக்கு ரொட்டித்துண்டு நீட்டுகிறான். புல்லையும் கிழங்கையும் தின்று, குறுகிய கோடைக்குள் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, ஆண்டில் பாதிக்கும் மேல் வளைக்குள் உறங்கும் பிராணி அது. நம் சர்க்கரையும் மைதாவும் அதற்கு ஏற்றவை அல்ல. திபெத்தியப் பீடபூமியில் பிளேக் கிருமியைச் சுமக்கும் விலங்காகவும் மர்மோட் அறியப்பட்டிருக்கிறது. கடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் மனத்தில் எழுந்திருக்க வேண்டும்.

நான் பொள்ளாச்சிக்காரி. ஆழியாறு–வால்பாறை சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் இறங்கி வருவதையும், வண்டிகளை நிறுத்தித் தின்பண்டம் நீட்டுகிறவர்களை வனத்துறையினர் விரட்டுவதையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் என்னுடையவர்கள். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில் அடிபடாமல் கடப்பதற்காக மரங்களுக்கு இடையே பாலங்கள் கட்ட வேண்டிவந்ததும் அவர்களுக்குத் தெரியும். இங்கே தவறு என்று சொல்லிக்கொடுத்ததை லடாக்கில் வேடிக்கை என்று எப்படிச் சொல்வது?

தீனி போடாமலேயே குழந்தைகளுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. லடாக் குளிர்பாலைவனம், லேயில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அதனால் வெயில் படும் சரிவுகளில் பனி விரைவில் உருகிக் காய்ந்த புல் வெளியே தெரியும், பாரல் என்னும் மலையாடுகளும் அங்கேதான் மேயும். எந்தச் சரிவில் தேடுவது என்பதை எங்கள் வழிகாட்டி பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். மேக்பை பறவைகளும் அண்டங்காக்கைகளும் ஓரிடத்தில் கூடிப் பறந்தால் கீழே இரை கிடக்கலாம், மேயும் ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் தலை தூக்கினால் அந்தப் பக்கத்துப் பாறைகளைப் பாருங்கள் என்று அவர் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பிற்பகலில் ஆடுகள் அப்படித் தலை தூக்கியதை முதலில் கண்டது என் மகள். வெகு நேரத்துக்குப் பிறகு, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில், தொலைநோக்கி இல்லாமல் கண்ணுக்கே அகப்படாத தூரத்தில், பாறையின் நிறத்திலேயே கிடந்த பனிச்சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது. தன் உடல் நீளத்துக்குக் கொஞ்சமே குறைந்த அந்தத் தடித்த வாலைக் கண்டு இளையவன் கைகொட்டத் தொடங்க, அக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். 2024 ஜனவரியில் வெளியான முதல் தேசிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் உள்ள பனிச்சிறுத்தைகள் 718. அவற்றில் 477 லடாக்கில் இருக்கின்றன. நாங்கள் கண்டது அவற்றில் ஒன்று என்பதை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம்.

தங்கிய வீட்டின் பெரியம்மா, ஆட்டுப்பட்டியின் கூரைமேல் போட்டிருந்த கம்பிவலையைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பட்டிக்குள் ஒரு முறை இறங்கிவிட்டால் பனிச்சிறுத்தை ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். அந்த இழப்பின் கோபத்தில் முன்பு சிறுத்தைகளைக் கொன்றதும் உண்டு. இப்போது வலைக்கூரை ஆடுகளைக் காக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ரும்பக் போன்ற ஊர்களில் தொடங்கிய, பயணிகளை ஊர்மக்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைக்கும் ஹோம்ஸ்டே முறை, சிறுத்தையைப் பார்க்க வருகிறவர்களின் பணத்தை அந்த ஆடுகளுக்கு உரியவர்களிடமே சேர்க்கிறது. குடும்பமாகப் போகிறவர்கள் பெரிய விடுதிகளைவிட இத்தகைய வீடுகளில் தங்கினால், அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பருகே அந்த வீட்டுக் குழந்தைகளோடு நம் குழந்தைகளும் உட்கார்ந்து துக்பா என்னும் நூடுல்ஸ் சூப் குடிக்கலாம், விலங்கோடு வாழ்கிறவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நேரில் கேட்கலாம். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு தேவை என்பதையும், எந்தக் காட்டு விலங்குக்கும் தெருநாய்க்கும் பயணிகள் தீனி போடக் கூடாது என்பதையும் அடுத்த இதழிலேயே திருத்தக் குறிப்பாக வெளியிட வேண்டுகிறேன். தங்கள் இணைப்பை நம்பி வரும் குளிர்காலத்துக்கு இப்போதே விமானச் சீட்டு எடுக்கும் குடும்பங்கள் இருப்பார்கள். இணையப் பதிப்பிலிருந்து மர்மோட் படத்தை நீக்கிவிட்டு, வேறொரு படத்தைச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பொள்ளாச்சி.