விருந்து வைக்காத மொய்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்பு வந்த ஒருவரின் குடும்பத்துக்கு உதவி கேட்டு உங்கள் நாளிதழில் வந்த வேண்டுகோளைப் படித்தேன். நல்ல காரியம். இப்படி ஒரு குடும்பத்தை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அந்தப் பணம் எப்போது போய்ச் சேர வேண்டும் என்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். அடுத்த தெருவில் தேங்காய் உரிக்கும் தொழிலாளி ஒருவர், 46 வயது. உரித்த காய்க்குத்தான் கூலி. போன வருடம் மாசியில் ஒரு விடியற்காலை நெஞ்சை அடைத்தது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம்தான் கார் பிடித்தார்கள். வழியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 ஜூனிலேயே வந்துவிட்டது. காரில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. தாண்டிப் போய்விட்டார்கள்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் முன்பணம் கட்டச் சொன்னபோது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அட்டை வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் அட்டை! மூன்றாம் நாள் அதைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினால், “பணம் கட்டிச் சேர்ந்தாச்சு, முன் அனுமதி வாங்கலை, இனி மாற்ற முடியாது” என்றார்கள். செயினும் தோடும் அடகுக்குப் போயின. பில் 1,80,000 ரூபாய்.

முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் பதினொன்று. போகும்போது கையில் இருநூறு, ஐந்நூறு வைத்துவிட்டுத்தான் போனார்கள், குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது மாதம் ஒருவரையும் காணோம். அப்போதுதான் உண்மையான கஷ்டம் வந்தது. பாரம் தூக்கக் கூடாது, உரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி குழுக் கடன் வாங்கியிருந்தார். வாராவாரம் தவணை, தவறினால் மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் கல்லூரிக்குப் போகாமல் லாரியில் கிளீனராகப் போகிறேன் என்றான்.

இதையெல்லாம்விட என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்று. அவர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்கிறார். மருந்துக் கடைச் செலவை மிச்சம் பிடிக்கிறாராம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால், வைத்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அரசு மருத்துவமனையில் அதே மருந்தை மாதாமாதம் இலவசமாக வாங்கலாம். சீட்டில் வேறு கம்பெனிப் பெயர் இருந்ததால் அங்கே கிடைக்காது என்று நினைத்துவிட்டார்கள். கூடப் போய் வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சரி, காசுக்கு என்ன செய்வது? எங்கள் பக்கத்து மொய் விருந்து பற்றி உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வாங்கி, பிறர் முறை வரும்போது கொஞ்சம் கூடுதலாகப் போட்டுத் திருப்புவது. 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்தபின் மொய்யும் மெலிந்துவிட்டது, ஆனாலும் நடக்கிறது. இவர் முறை வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து அவருடைய மொய் நோட்டைப் புரட்டினோம். ஊரெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்! திருப்ப வேண்டியவர்கள் வீடு வீடாகப் போய், இப்போதே கொடுங்கள், விருந்து கிடையாது, முடிந்ததை மாதாமாதம் கொடுத்தாலும் சரி என்றோம். பாதிப் பேர் மொத்தமாகவும் மீதிப் பேர் தவணையாகவும் கொடுத்தார்கள். அதில்தான் எட்டு மாதம் அடுப்பு எரிந்தது, பையனுக்குப் பாலிடெக்னிக் கட்டணமும் கட்டினோம். நன்கொடை என்றால் வாங்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த மனிதர், “இது எனக்கு வர வேண்டியதுதானே” என்று எண்ணி வாங்கிக்கொண்டார்.

எல்லா ஊரிலும் மொய் நோட்டு இருக்காது, தெரியும். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த முறை இப்படி வேண்டுகோள் வெளியிடும்போது அந்தக் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு தேவை, எத்தனை மாதத்துக்குத் தேவை என்பதைக் கேட்டு எழுதுங்கள். பத்தாயிரம் தர நினைப்பவர் ஆயிரமாகப் பத்து மாதம் அனுப்பட்டும். பக்கத்திலேயே காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் ரேஷன் கார்டும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் கொண்டுபோய்ப் பதியலாம் என்ற தகவல், இரண்டையும் போடுங்கள்.

அவர் இப்போது ஒரு கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதுகிறார். நோட்டில் ஒரே ஒருவர் பாக்கி. “பத்திரிகை வைக்காமல் என்னய்யா மொய்?” என்று எங்களைத் திருப்பி அனுப்பியவர். ஆடி வரட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.