பள்ளி திறப்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையை அனுப்பப்போகும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். ஜனவரி தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது. சீருடை வாங்கியிருப்பீர்கள். புத்தகக் கட்டு கூடத்தின் மூலையில் கிடக்கும். இரவில் பிள்ளை தூங்கிய பிறகு ஒவ்வொரு நோட்டிலும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். போன டிசம்பரில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கூடவே ஒரு தவறும் செய்தேன். அதை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் பாலர் பள்ளியை முடித்த வாரத்தில், வீட்டில் இனி ஆங்கிலம்தான் என்று முடிவெடுத்தோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. "பி ஒன்னுல (தொடக்கநிலை ஒன்றில்) எல்லாமே இங்கிலீஷ்தான், இப்பவே பழக்கிடுங்க" என்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில் ஒரு தாய் சொன்னார். அவரும் அக்கறையில்தான் சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் சொல்வது புரியாமல் பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளோ என்று இரண்டு இரவு தூக்கமில்லை. ஜூன் வரைக்கும் ஆங்கிலம், அப்புறம் தமிழுக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் பேசிவைத்தோம்.

மாமியாரிடமும் சொன்னோம். அவருக்கு ஆங்கிலம் பேச வராது. அதுவரை சாப்பாடு ஊட்டும்போது, செம்பவாங் கப்பல் பட்டறையில் தாத்தா வேலை பார்த்த கதைகளைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் சொன்ன மறுநாள், கிண்ணத்தை நீட்டி "ஈட், கண்ணு, ஈட்" என்றார். அவ்வளவுதான், கதை நின்றுபோயிற்று. பிள்ளையின் நல்லதுக்கு என்று நாங்கள் சொன்னதால் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஜனவரியில் மகள் பள்ளிக்குப் போனாள். ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு சிக்கலும் வரவில்லை. முதல் தவணை முடிந்ததும் தமிழாசிரியரைச் சந்தித்தேன். "உங்க பிள்ளைக்கு எல்லாம் புரியுது. ஆனா பதில் இங்கிலீஷ்லதான் வருது. தமிழ்ல சொல்லும்மான்னா தலையைக் குனிஞ்சுக்கிறா" என்றார். நான்கு மாதத்துக்கு முன்பு வரை வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

நாங்கள் பயந்ததற்கு அடிப்படையே இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகளே இல்லை. 2019இலிருந்து இப்படித்தான். வகுப்பில் 30 பிள்ளைகள்தான். ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி ஒவ்வொரு பிள்ளையின் ஆங்கில வாசிப்பையும் சோதித்துப் பார்க்கிறது. பின்தங்கிய பிள்ளைகளை எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாக்கி, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் தினமும் அரை மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையைத் தூக்கிவிடப் பள்ளியில் இத்தனை ஏற்பாடு இருக்கிறது.

பள்ளியை விட்டு வெளியே வந்தாலும் ஆங்கிலம்தானே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. மின்தூக்கியிலும் பள்ளிப் பேருந்திலும் கேண்டீனிலும் பிள்ளையின் காதில் ஆங்கிலம் விழுந்துகொண்டே இருக்கும். தமிழ் விழ வேண்டுமென்றால் உங்கள் வாயிலிருந்துதான், தாத்தா பாட்டி வாயிலிருந்துதான்.

தாய்மொழிப் பாட நேரம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேரம் வந்ததும் வகுப்பு பிரிகிறது. சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். பல பள்ளிகளில் ஒரு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பதால், நான்கைந்து வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துத் தமிழ் நடத்துகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை பென்சில் பெட்டியையும் ஃபைலையும் அணைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைத் தோழியை விட்டுவிட்டு, நடைவழியில் அறையைத் தேடிப் போகிறது. உள்ளே எல்லாம் புது முகம். அங்கே கேட்கும் பேச்சு வீட்டில் கேட்ட பேச்சாக இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்! என் மகளின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பள்ளியில் அவள் பெயரை முதன்முதலில் சரியாகக் கூப்பிட்டவர் தமிழாசிரியர்தான். அன்று அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படிப்பட்ட அறையில்தான் அவள் வாய் மூடி உட்கார்ந்திருந்தாள். அதற்குக் காரணம் நாங்கள்தான்.

"நாங்கள் பேசுவது கொச்சைத் தமிழ், பள்ளியில் சொல்லித்தருவது வேறு தமிழ்" என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே வேண்டாம். தமிழ்ப் பாடத்தை மறுஆய்வு செய்த குழு 2005இலேயே பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. "சாப்பிட்டாச்சு, தண்ணி குடிக்கணும்" என்று பிள்ளை வீட்டில் பேசும் தமிழை ஆசிரியர் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறார். எழுத்தையும் இலக்கணத்தையும் அவர் பார்த்துக்கொள்வார். பேச்சு வீட்டிலிருந்து போனால் போதும்.

இன்னும் நாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பிள்ளையிடம் தமிழில் பேசுங்கள். எங்கே இறங்க வேண்டும், ரீசஸ் நேரத்தில் என்ன செய்ய வேண்டும், பென்சில் தொலைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும். "டீச்சர், கழிவறைக்குப் போகணும்." "டீச்சர், எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க." "வயிறு வலிக்குது." இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால் முதல் வாரத்தில் பாதிக் கண்ணீர் குறையும். வீட்டிலேயே டீச்சர் விளையாட்டு விளையாடுங்கள். பாட்டி டீச்சராக இருக்கட்டும்.

கேண்டீனில் சாப்பாடு வாங்கப் பெரிய வகுப்பு அண்ணன், அக்கா யாராவது முதல் சில நாள் துணைக்கு வருவார்கள். இருந்தாலும் காசு எண்ணக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புவோம். அப்போது ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயம் ஒன்றை எடுத்து, நாட்டுச் சின்னம் உள்ள பக்கத்தைக் காட்டுங்கள். சுற்றிலும் நான்கு மொழியில் சிங்கப்பூர் என்று எழுதியிருக்கும். அதில் தமிழ் எங்கே என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். என் மகள் கண்டுபிடித்த நாளில் வீட்டில் இருந்த சில்லறை அத்தனையையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். "அஞ்சு காசுல கூட இருக்கு அம்மா!" என்று கத்தினாள்.

தமிழ் பேசாமலே பல வருடம் ஓடிவிட்ட வீடுகளும் இருக்கின்றன. அவர்களை நான் குறை சொல்லவில்லை. இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை பணிப்பெண்ணோடு வளரும் வீட்டில் அது எளிதில்லை. தூங்கும் முன் பத்து நிமிடம் தமிழில் பேசினாலும் நல்லதுதான். வட்டார நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் இருக்கின்றன, இலவசமாக எடுத்து வரலாம்.

நாங்கள் ஜூன் வரை காத்திருக்கவில்லை. ஆசிரியரைச் சந்தித்த அன்று இரவே திரும்பிவிட்டோம். ஆனாலும் மகள் வகுப்பில் தானாகக் கை தூக்கித் தமிழில் பேச ஆகஸ்ட் ஆயிற்று. நிறுத்த ஒரு நாள்தான் ஆயிற்று. மீட்க ஐந்து மாதம். நீங்கள் ஏற்கெனவே மாற்றியிருந்தால் பள்ளி திறக்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போய், "நீங்க தமிழ்லயே பேசுங்க, அதுதான் பிள்ளைக்கு வேணும்" என்று சொல்லுங்கள். நாங்கள் சொன்னபோது என் மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க விட்டேன் கதையை?" என்று கேட்டார்.

அன்புடன்,
தொடக்கநிலை இரண்டுக்குப் போகும் ஒரு பிள்ளையின் தாய்,
ஈசூன்