சித்தி விஷயமாக

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தி ஒரு வாத்தியாரை மறுகல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள் என்று நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இத்தனை நாள் பதில் எழுதாதது என் தப்புதான். போனில் பேசினால் பக்கத்திலேயே சித்தியும் அம்மாச்சியும் இருப்பார்கள், அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாய். சரி, நானும் எழுதியே சொல்கிறேன்.

நாங்கள் நலம். இவர் வேலை மாறியிருக்கிறார், மற்றபடி ஒரு குறையும் இல்லை. போட்டோவில் கழுத்துச் சங்கிலியைக் காணோமே என்று கேட்டிருந்தாய். கடற்காற்றில் கழுத்து அரிக்கிறது, கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

சாப்பாடு பழகிவிட்டது. பாண் என்கிற ரொட்டி விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும். இரவில் பெரும்பாலும் இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல். சொதி வைக்கக் கற்றுக்கொடுத்தது கீழ்வீட்டு அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர். வந்த புதிதில் அவரிடம், "ராத்திரி ரொம்ப நேரம் இவர் பேசிக்கிட்டே இருந்தார்" என்றேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் பிள்ளை பேசினவர்? என்ன நடந்தது?" என்றார். இங்கே பேசுவது என்றால் திட்டுவதாம். நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்கிறார்கள். உன் மருமகன் என்னோடு கதைக்கிறார் அம்மா, பேசுவதில்லை. அதை நீ நம்பலாம்.

அந்த அன்ரிக்கு 61 வயது. இந்தக் கல்யாணம் செய்துகொண்டது 57 வயதில். அவர் கணவரும் மனைவியை இழந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயந்தரம் இரண்டு பேரும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மழை இருக்கிறதோ இல்லையோ, அவர் குடையை விரித்து அன்ரிக்குப் பிடித்துக்கொண்டேதான் நடப்பார். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. இப்போது அந்தக் குடையைக் காணாவிட்டால் மனசு தேடுகிறது.

போன மாதம் ஒரு வேலையாகச் செட்டியார் தெருவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் நகைக்கடைகள். தாத்தா எந்தக் கடையில் கணக்கு எழுதினாரோ. கதிரேசன் கோயில் வாசலில் ஒரு பெரியவர் யாரையோ "என்ன ஆத்தா" என்று கூப்பிட்டார். நம் ஊர்ப் பேச்சு. காலை எடுத்து வைக்க முடியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும் போல இருந்தது.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் மனசை மாற்றச் சொல்லியிருக்கிறாய். நான் செய்ய மாட்டேன் அம்மா. 34 வயதில் சித்தப்பா போனார். ஒன்பது வருஷமாகத் தையல் மிஷினும் அவளும்தான். "நான் தனியா இருக்கலையா" என்று அம்மாச்சி கேட்கிறாளாம். அம்மாச்சி இருந்தது தாத்தா வருவார் என்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலோடு போனபோது, தாத்தா கொழும்பிலிருந்து அந்த வழியாகக் கிளம்பி வரவிருந்த சமயம் அது, அவர் கடிதம் வரும்வரை அவள் சோற்றைத் தொடவில்லை என்று நீதானே சொல்வாய். தாத்தா வந்தார். சித்திக்கு யார் வரப்போகிறார்கள்?

சின்னவள் கல்யாணம் தடைபடும் என்று பயப்படுகிறாய். அவள் மனசில் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறாய். அவளையே கேள். கோபப்படாமல் கேள். என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நான் ரிஜிஸ்டர் ஆபீசில் யாரோ இரண்டு பேரைச் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அந்த வாத்தியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடு. அப்பா வீட்டில் இருக்கும் நாளாகப் பார். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அம்மாச்சியிடம் நானே போனில் பேசுகிறேன். அந்த நேரம் சித்தியைக் கோயிலுக்கு அனுப்பிவிடு. அம்மாச்சியின் தகரப் பெட்டியில் தாத்தாவின் கொழும்பு விலாசம் இருந்தால் எழுதி அனுப்பு.

உன் பெரியவள்