15 கோலோடு நிற்கவில்லை சாலோவ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், ஒரே சீசனில் ஒளிர்ந்து அணைந்துபோன இளம் ஸ்ட்ரைக்கர்கள் (கோல் அடிக்கும் முன்கள வீரர்கள்) என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் ரஷ்யாவின் ஃபியோதர் சாலோவும் இருந்தார். மாஸ்கோவில் மருத்துவம் படித்த ஆறு வருடமும் அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் நான் கால்பந்தே கற்றுக்கொண்டேன். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

சாலோவ் மாஸ்கோவில் 1998-ல் பிறந்தவர். சிஎஸ்கேஏ கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்து 18 வயதில் பெரியவர்கள் அணிக்கு வந்தார். 2018 உலகக் கோப்பை சொந்த நாட்டிலேயே நடந்தது. ரஷ்ய அணியின் பயிற்சியாளர் செர்செசோவ் முதலில் அறிவித்த 28 பேரில் அவர் பெயர் இருந்தது. 23 ஆகக் குறைத்தபோது இல்லை. இருபது வயதுப் பையனுக்கு அது எப்படி வலித்திருக்கும்! அதே கோடையில் கிளப்பும் பாதி காலியானது. கொலோவின் மொனாக்கோவுக்குப் போய்விட்டார். இக்னாஷெவிச்சும் பெரெசுட்ஸ்கி சகோதரர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மீதியிருந்த இளைஞர்களோடுதான் பயிற்சியாளர் கோன்சரென்கோவின் சிஎஸ்கேஏ அணி, ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கியது.

எங்கள் விடுதி வாசலில் சாவிகளை வாங்கி வைத்துத் தரும் பாட்டி ஒருவர் இருந்தார். சாலோவை வீட்டுப் பிள்ளை மாதிரி 'ஃபேத்யா' என்றுதான் சொல்வார். ஆட்டம் முடிந்து பனியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தால், "ஃபேத்யா கோல் போட்டானா?" என்பதுதான் முதல் கேள்வி. டிசம்பர் 12 அன்று ரியல் மாட்ரிட்டோடு பெர்னபாவு மைதானத்தில் ஆட்டம். மறுநாள் எனக்கு மருந்தியல் தேர்வு. சரி, போகட்டும் என்று புத்தகத்தை மூடிவிட்டு, பொதுச் சமையலறையில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். 37-வது நிமிடத்தில் சாலோவ் முதல் கோலைப் போட்டார். முடிவு 3-0. ஐரோப்பியப் போட்டியொன்றில் ரியல் தன் மண்ணில் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது அதுவே முதல் முறை. பாட்டியிடம் சொல்ல மாடிப்படியில் ஓடி இறங்கினேன். அவர் வானொலியில் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரியல் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது, முக்கியமானவர்கள் பலர் ஆடவில்லை என்பது உண்மைதான். அதற்காக அந்தக் கோல் சின்னதாகிவிடாது. மாஸ்கோவிலும் ரியலை வென்றிருந்த சிஎஸ்கேஏ, அன்றிரவே பிரிவில் கடைசி இடத்தோடு வெளியேறியது. அந்த சீசனில் சாலோவ் 15 கோல் அடித்து ரஷ்ய லீக்கில் முதலிடம் பிடித்தார்.

நீங்கள் நிறுத்தியது இங்கேதான். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2019 கோடையில் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் கிளப் கேட்டது, சிஎஸ்கேஏ விடவில்லை. அடுத்த சீசனில் கோல் வறண்டது. மாஸ்கோவின் ஹோதின்கா பகுதியில் இருக்கும் சிஎஸ்கேஏ மைதானத்தில் குளிரில் விறைத்தபடி பார்த்தவள் சொல்கிறேன், பந்து அவர் காலுக்கு வரும் முன்பே இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் மேலே சாய்ந்து நிற்பார்கள். முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, மற்றவர்களுக்குத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அந்த உழைப்பெல்லாம் கோல் கணக்கில் ஏறாது.

2022 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாகப் போனார். அதே மாதம் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் ஐரோப்பிய அமைப்பான யுயெஃபாவும் ரஷ்ய அணிகளைத் தடை செய்தன. அந்தத் தடைக்குக் காரணம் இருந்தது, நான் அதை எதிர்க்கவில்லை. சாலோவ் அந்தக் கோடையிலேயே சிஎஸ்கேஏவுக்குத் திரும்பினார். 2023-ல் கிளப் ரஷ்யக் கோப்பையை வென்றது. நல்ல சம்பளத்தோடு வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 2024 ஜனவரியில் கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரத்துப் பாவோக் கிளப்புக்குக் கிளம்பினார். மே மாதம், கடைசி நாள் ஆட்டத்தில் வென்று பாவோக் சாம்பியன் ஆனது. அணைந்துபோனவர் என்று இவரையா எழுதினீர்கள்?

தடை வந்த பிறகு மாஸ்கோவில் இருபது வயதை எட்டிய ஸ்ட்ரைக்கர் எவ்வளவு நன்றாக ஆடினாலும், தன் கிளப் சட்டையில் பெர்னபாவு போக வழியில்லாமல் போனது. அந்தப் பையன்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள். சாலோவைப் பற்றிய அந்த வரியைத் திருத்தி, தெசலோனிக்கியில் அவர் வென்ற பட்டத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மாஸ்கோவில் படித்த ஒரு மருத்துவர், உங்கள் வாசகி