துரத்தாமல் எடுத்த படங்கள்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. எந்தக் கண் என்று மட்டும் நீ எழுதவில்லை. கேமராவில் வைத்துப் பார்க்கிற கண் என்றால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

"எல்லோரும் கென்யா போகிறார்கள், நீ ஏன் நமீபியா போனாய்?" என்று கேட்டிருக்கிறாய். கூட்டத்துக்குப் பயந்துதான். மசாய் மாராவில் ஒரு சிவிங்கிப்புலி எழுந்து சோம்பல் முறித்தால் போதும், வயர்லெஸ்ஸில் செய்தி பறந்து சுற்றிலும் வண்டிகள் வந்து நின்றுவிடும். நமீபியாவின் எத்தோஷா தேசியப் பூங்காவில் வாடகைக் காரை நாமே ஓட்டலாம். அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான். தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் டயர் பஞ்சரானது, ஸ்டெப்னியில் காற்றே இல்லை என்கிற கதையை நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

1907-லேயே, ஜெர்மன்காரர்கள் ஆண்ட காலத்தில், வனவிலங்குக் காப்பிடமாக அறிவித்த இடம். இப்போதைய பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. காடு என்றதும் முதுமலையை நினைத்துக்கொள்ளாதே. நடுவில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெறும் உப்புப் படுகை. அதைச் சுற்றி முட்புதரும் மொப்பானி மரமும் காய்ந்த புல்லும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழையை மறந்துவிட வேண்டியதுதான். மழைக்காலத்தில் அங்கங்கே தேங்கிய தண்ணீர் வற்றிய பிறகு, படுகையின் ஓரத்து ஊற்றுகளும் போர் போட்டு நிரப்புகிற குட்டைகளும்தான் மிருகங்களுக்குக் கதி. நாம் எதையும் தேடி ஓட வேண்டாம். குட்டை ஓரம் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார வேண்டும். தாகம் அவற்றை நம்மிடம் கூட்டிவரும்.

முதல் நாளே எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: குடிக்கிற படத்தைவிட, குடிப்பதற்கு முன்னால் நடக்கிற தயக்கம்தான் படம். வரிக்குதிரைகள் ஒற்றை வரிசையில் வரும். முன்னால் மூத்த பெட்டை, கடைசியில் ஆண். கரைக்கு இருபது அடி இருக்கும்போது மூத்தது நின்றுவிடும். பின்னால் வருகிறவை ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். எங்கேயோ ஒரு கௌதாரி படபடத்தால் எல்லாம் தூசி பறக்கத் திரும்பி ஓடும், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒட்டகச்சிவிங்கி இன்னும் மோசம். அது குனிவதற்கு முன்னால் நான் ஒரு பிளாஸ்க் காபியைக் காலி செய்துவிட்டேன். முன்னங்காலைக் கொஞ்சம் விரிக்கும், சுற்றிப் பார்க்கும், பழையபடி சேர்த்துக்கொள்ளும். அந்த உயரத்திலிருந்து தலையைத் தண்ணீர் வரை இறக்கினாலும் ரத்தம் மூளைக்குக் குப்பென்று பாயாமல் இருக்க, கழுத்து ரத்தக் குழாயில் வால்வும் மூளைக்குக் கீழே பின்னலாக ஒரு நாளத் தொகுதியும் இருக்கிறது. பயத்துக்குத்தான் அதனிடம் மருந்தில்லை. கால் பரப்பிக் குனிந்த நேரத்தில் சிங்கம் வந்தால் சட்டென்று எழ முடியாது, அது அதற்குத் தெரியும். குடித்துவிட்டுத் தலையை வெடுக்கென்று தூக்கும்போது வாயிலிருந்து தண்ணீர் வில்லாக வளைந்து தெறிக்கும். அந்தப் படத்துக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்காவது வேண்டும். எனக்குச் சுமாராக ஒன்று கிடைத்தது.

யானைகள் தயங்குவதில்லை. படுகைச் சேறும் தூசியும் பூசி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்து வருகின்றன. உயரம் மிரட்டுகிறது, தந்தமோ சின்னது, அதுவும் பலவற்றுக்கு உடைந்தது. மண்ணில் தாதுச்சத்து குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். வந்ததும் மற்றதையெல்லாம் விரட்டிவிட்டுத்தான் வாய் வைக்கும். எத்தோஷாவின் வடகிழக்கே முஷாரா என்ற குட்டையில் கெய்ட்லின் ஓ'கானல் என்ற விஞ்ஞானி ஆண் யானைகளைப் பல வருஷம் கவனித்து எழுதியிருக்கிறார். வறட்சி வருஷங்களில் யார் பெரியவன் என்ற வரிசை கறாராக இருக்கிறதாம், நல்ல மழை பெய்த வருஷங்களில் அது தளர்ந்துவிடுகிறதாம். சின்னது போய்ப் பெரியவர் வாயில் தும்பிக்கை நுனியை வைத்து மரியாதை செய்யும். முஷாராவுக்கு நம்மை விடமாட்டார்கள். இதைப் படித்துவிட்டுப் போனதால், வேறொரு குட்டையில் ஒரு இளவட்டம் தும்பிக்கையை நீட்டியபோது விரல் தயாராக இருந்தது.

இனி நீ கேட்ட தொழில் விஷயம். காலை ஒன்பதரைக்கு மேல் தூரத்தில் இருப்பதை மறந்துவிடு. கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும், தூரத்துப் படம் கொழகொழவென்றுதான் வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பதை மட்டும் எடு. வெள்ளைத் தரையைப் பார்த்து கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வை. வெளியில் லென்ஸ் மாற்றாதே, தூசி. ட்ரைபாட் வேண்டாம். ஜன்னல் விளிம்பில் போட ஒரு துணிப்பையைக் கொண்டுபோய், அங்கே கடையில் அரிசி வாங்கி நிரப்பிக்கொள். கடைசி நாள் அந்த அரிசியில் பொங்கல் வைக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். கேலி என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே வைத்துவிட்டாள்.

சூரியன் மறைவதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும், கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒகாகுவேயோ முகாமில் அதனால் நஷ்டமே இல்லை. முகாமின் சுவரை ஒட்டியே ஒரு குட்டை, இரவு முழுக்க விளக்கு. பெஞ்சில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கருங்காண்டாமிருகம் வருகிறது. பகலில் தனியாகத் திரிகிற ஜாதி என்பார்கள். இங்கே இரவில் இரண்டு மூன்று சேர்ந்து, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டு, கொம்பு உரசி வம்பளந்துகொண்டிருந்தன. ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 30-ல் ஒரு பங்கு. அவை அசையாமல் நிற்கிற நொடியில் எடுத்தால் தண்ணீரில் விழுந்த நிழலும் சேர்ந்து கிடைக்கும். ஃபிளாஷ் போடவே கூடாது. போட்ட ஒருவரை மொத்த பெஞ்சும் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதையும் எடுத்திருக்கலாம்.

சிங்கம் வேட்டையாடுவதை எடுத்தாயா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாய். இல்லை. ஒகொண்டேகா பக்கம் பெண் சிங்கங்கள் குட்டைக்கு எதிரிலேயே படுத்துக் கிடந்தன. வேட்டையாடுகிற உத்தேசமே தெரியவில்லை. ஆனால் பின்னால் வரிக்குதிரையும் ஸ்பிரிங்பாக் மானும் ஜெம்ஸ்பாக் மானும் நாக்கு வறண்டு வெயிலில் நின்றன. முன்னால் மங்கலாக ஒரு சிங்கத்தின் காது, பின்னால் கூர்மையாக நூறு ஜோடிக் கண்கள். இத்தனை படத்தில் சட்டம் போட்டு மாட்டப்போவது அது ஒன்றைத்தான். வேட்டைப் படம் யாரிடம் இல்லை, சொல்.

பென் டிரைவில் எல்லாவற்றையும் அனுப்புகிறேன். காண்டாமிருகப் படங்களை மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதே. கொம்புக்காகக் கொல்கிறவர்களும் படத்தைப் பார்த்து இடம் தேடுகிறார்கள். ஜிபிஎஸ் குறிப்பை அழித்துவிட்டேன், ஆனாலும் உன் மச்சான் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நீ போவதாக இருந்தால் செப்டம்பரில் போ. முகாம் அறைகளுக்கு இப்போதே எழுதிப் போடு, சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. டாக்டர் எப்போது வண்டி ஓட்டலாம் என்றார்? பதிலில் எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்